அக்கா மகள் பிளஸ் டூ போயிருக்கிறாள்: கல்லூரிக்கு இப்போதிருந்தே என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

திருப்பூர் மாமா எழுதியது:

வணக்கம். என் அக்கா மகள் மணப்பாறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இந்த ஜூனில் பிளஸ் டூ போயிருக்கிறாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த முதல் குரூப். தமிழ் வழி. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். மச்சானுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு கறவை மாடு. அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் இதுவரை யாரும் கல்லூரியில் படித்ததில்லை. நான் பத்தாவது முடித்துவிட்டுத் திருப்பூர் வந்தவன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன்.

பத்தாவதில் 500-க்கு 441 வாங்கினாள். பிளஸ் ஒன்னில் கணக்கு 71, இயற்பியல் 78, வேதியியல் 84, உயிரியல் 90. ஒரு நாள் இன்ஜினியரிங் என்கிறாள், மறுநாள் மாட்டு டாக்டர் என்கிறாள். ஊரில் ஒருவர் உடனே நீட் கோச்சிங்கில் சேருங்கள் என்கிறார். இன்னொருவர் ரிசல்ட் வரட்டும், அதற்குள் என்ன அவசரம் என்கிறார். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் பாதி விஷயம் கைவிட்டுப் போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது ஜூலை. அடுத்த மே வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணம் என்னால் ஓரளவு அனுப்ப முடியும். வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

கணக்கு டீச்சர் எழுதியது:

தம்பி, ஜூலையிலேயே கேட்டது நல்லது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பொறியியல் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்குக் கணக்கிடும் மதிப்பெண், 200-க்கு. கணக்கு மதிப்பெண் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. பாப்பாவின் பிளஸ் ஒன் மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் 71, 39, 42, ஆக 152. உயிரியலில் எடுத்த 90 இதில் வராது. இப்போது கணக்கு மட்டும் 90 ஆகிறது என்று வையுங்கள், 171. கூடிய 19-ம் முழுசாக ஏறிவிடும். அதே 19 இயற்பியலில் கூடினால் ஒன்பதரைதான் ஏறும். பொறியியலை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்குக் கணக்குதான் முதல் வேலை. பிளஸ் ஒன் 71-ஐ நினைத்து மனசு விட வேண்டாம், சேர்க்கைக்குப் பார்ப்பது பிளஸ் டூ மதிப்பெண். தமிழ்நாட்டில் 2007 சேர்க்கையிலிருந்து பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வும் கிடையாது. பொதுத் தேர்வுத் தாள்தான் எல்லாம்.

அந்தத் தாளை முதலில் தெரிந்துகொள்ளட்டும். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் கேள்வி 20, அனைத்தும் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, மூன்று மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு. இரண்டிலும் கடைசிக் கேள்வி கட்டாயம். ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. ஐந்து மதிப்பெண்ணில் மட்டும் 35 இருக்கிறது. 70 வாங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் விடுகிறார்கள். கணக்கு தெரியாமல் விடுவதைவிட, பாதி வரை சரியாக வந்து ஒரு மைனஸ் குறியில் தடம் மாறி விடுவது அதிகம். ஒவ்வொரு தேர்வு விடைத்தாளையும் கையில் வாங்கி, விட்ட மதிப்பெண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது ஏன் போனது என்று அவளே பென்சிலால் எழுதட்டும். தெரியவில்லையா, பாதியில் நின்றதா, கூட்டல் கழித்தலில் போனதா? இரண்டு தேர்வுக்கு இப்படிச் செய்தாலே எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். நேரம் இல்லை என்று பல பள்ளிகளில் அதை ஓட்டிவிடுகிறார்கள். மெய்மை அட்டவணை போடுவதற்கு முன்பாடம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைகூட அதில் முழு மதிப்பெண் எடுக்கலாம். அதை விடச் சொல்லாதீர்கள்.

இ-சேவை அண்ணன் எழுதியது:

நான் துறையூர் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் என் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பதிவின் அருமை தெரியும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சான்றிதழ் வேண்டும். வி.ஏ.ஓ. ஒருவர்தான், வருவாய் ஆய்வாளர் ஒருவர்தான். அத்தனை விண்ணப்பமும் அவர்கள் இருவரையும் தாண்டித்தான் தாலுகா அலுவலகம் போக வேண்டும். ஆகஸ்டில் விண்ணப்பித்தால் இந்த நெருக்கடியே இல்லை.

முதலில் பெயர். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன எழுத்தில், இனிஷியல் முன்னால் பின்னால் எப்படி இருக்கிறதோ, ஆதாரிலும் அப்படியே இருக்க வேண்டும். பிறந்த தேதியும் அப்படித்தான். ஆதாரில் அப்பா பெயரைச் சேர்த்து நீளமாக எழுதியிருப்பார்கள், பள்ளியில் ஒற்றை இனிஷியல் இருக்கும். மாற்ற வேண்டியது ஆதாரை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே தவறு இருந்தால் அது வேறு வழி, தலைமையாசிரியரிடம் இப்போதே போக வேண்டும். பிளஸ் டூ நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல், பள்ளியிலிருந்து போவதற்குள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பாசிரியர் அவசரத்தில் நீட்டுவார், பிள்ளை படிக்காமல் போட்டுவிடும். அதில் ஓர் எழுத்து பிசகினால் மதிப்பெண் பட்டியலில் அதுதான் அச்சாகி வரும்.

ஆதார் சரியான பிறகு சான்றிதழ்கள். குடிமக்கள் கணக்கு எண் என்று ஒன்று போட வேண்டும், கேன் நம்பர் என்போம். அதற்கு அப்புறம் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் மையத்தில் 60 ரூபாய்தான். அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பழைய அட்டைச் சாதிச் சான்று வீட்டில் இருந்தாலும் கியூ.ஆர். கோடு உள்ள புதியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆன்லைனில் சரிபார்க்க அதுதான் சுலபம். எட்டாவது முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் இருப்பிடச் சான்று பொறியியலுக்குத் தேவைப்படாது.

முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சான்றுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு என்னிடம் வந்து முதல் பட்டதாரி போடுங்கள் என்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இன்னொன்று ரொம்ப முக்கியம். பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் என்று போனால் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாச் சாதியும் இரண்டு பட்டியலிலும் இருப்பதில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கு அந்தச் சான்று சேரும் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இதை மட்டும் இப்போது எடுக்காதீர்கள், ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பியுங்கள்.

திருப்பூர் மாமா எழுதியது:

டீச்சருக்கும் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. அக்காவுக்கு ஃபோன் போட்டு ஆதாரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் சொன்ன மாதிரியே அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது. பத்தாவது சான்றிதழில் இனிஷியல் மட்டும்தான். இதை நாங்களாக என்றைக்கும் கவனித்திருக்க மாட்டோம். நாங்கள் எம்.பி.சி., மத்தியப் பட்டியலையும் பார்க்கிறேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு என்கிறார்களே, அது மருத்துவத்துக்கு மட்டுமா?

குரோம்பேட்டை மாணவி எழுதியது:

அண்ணா, மருத்துவத்துக்கு மட்டும் இல்லை. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிவாக்கினார்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நான் அதில்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரியில், சேர்ந்தேன். படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. விண்ணப்பத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்று ஒவ்வொரு வகுப்புக்கும் கேட்பார்கள். நடுவில் ஒரு வருடம் உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் சிக்கல். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

இந்த ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை வரும், பொதுத் தரவரிசையிலும் பெயர் இருக்கும். என்னோடு படித்த பலர் 7.5 இருக்கிறதே என்று பிளஸ் டூவில் கொஞ்சம் தளர்ந்துவிட்டார்கள். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு அந்த ஒதுக்கீட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடம். அதையும் சாதிவாரியாகப் பிரித்தால் எவ்வளவு வரும் என்று நீங்களே பாருங்கள்.

இதோடு பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கியது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது வரும். நான் அதில்தான் மெஸ் போக மற்ற செலவைப் பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் கேட்பதில்லை. தங்கையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். அம்மா கணக்கு செல்லாது.

கல்லூரிப் பட்டியலையும் இப்போதே ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போட மூன்று நாள்தான் கிடைக்கும். நானூற்றுச் சொச்சம் கல்லூரியை அந்த மூன்று நாளில் யாராலும் படித்து முடிவு செய்ய முடியாது. பிரவுசிங் சென்டர்காரர் போட்டுக் கொடுத்த பட்டியலில் சேர்ந்து நான்கு வருடம் வருத்தப்படுபவர்களை எனக்குத் தெரியும்.

கரூர் அப்பா எழுதியது:

பட்டியல் விஷயத்தில் என் அனுபவத்தையும் சொல்கிறேன். எட்டாத கல்லூரியை எல்லாம் மேலே போடாதீர்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் கிண்டி, பி.எஸ்.ஜி., தியாகராஜர் என்று பெரிய கல்லூரியாக முப்பது போட்டான். அந்தச் சுற்றில் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கட்-ஆஃபுக்குத் தகுந்த மாதிரி கல்லூரியை மேலே வைப்பதுதான் பாதுகாப்பு. அப்புறம் பெண் பிள்ளை, கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதுவும் வேண்டாம். வேலை அதில்தான்.

குரோம்பேட்டை மாணவி எழுதியது:

ஐயா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன், அந்த அண்ணனுக்கு இடம் கிடைக்காமல் போனது பெரிய கல்லூரியை மேலே போட்டதால் இல்லை. முப்பதோடு நிறுத்தியதால். இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் தரவரிசையில் முதல் ஆளை எடுக்கும். அவர் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே அவருடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் இடம் இருந்தால் கொடுத்துவிடும், இல்லாவிட்டால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கும். அவரை முடித்த பிறகுதான் அடுத்த ஆள். நம் முறை வரும்போதும் இதேதான். நாம் மேலே ஐம்பது எட்டாத கல்லூரி எழுதியிருந்தாலும், ஐம்பத்தொன்றாவது வரிக்கு இறங்கும்வரை அடுத்த மாணவர் நமக்காகக் காத்திருக்கிறார். நமக்குப் பின்னால் இருப்பவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் மேலே ஆசைப்படுவதை எழுதுவதில் நஷ்டமே இல்லை.

நஷ்டம் எங்கே என்றால், கிடைக்கும் என்று நினைத்து ஒரு சுமாரான கல்லூரியை மேலே வைத்தால். அது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் நல்ல கல்லூரியை கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, ஏற்றுக்கொண்டு மேலே காலியானால் மாறிக்கொள்கிறேன் என்று ஒரு வாய்ப்பு கொடுப்பார்கள். அதிலும் மேலே இருக்கும் வரிகளுக்குத்தான் நகர்த்துவார்கள். கீழே இருப்பதற்கு நகர்த்த மாட்டார்கள். ஆகவே வரிசை முழுக்க முழுக்க நம் விருப்பப்படி, நீளம் தாராளமாக. கிடைத்தால் சேர மாட்டேன் என்று தோன்றும் கல்லூரியை மட்டும் எழுதவே கூடாது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

அந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள்தான். கிடைத்ததே போதும், சேர்கிறேன் என்று கொடுத்தால் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். காத்திருக்கிறேன் என்று கொடுத்தாலும் கலந்தாய்வு உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். இரண்டில் எதையும் செய்யாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த வாரத்தில் ஃபோனில் சார்ஜும் நெட்டும் இருக்க வேண்டும், ஓ.டி.பி. வரும் எண் வீட்டிலேயே இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது மையத்துக்காரர் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லூரி எண்ணையும் கவனியுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. பீளமேட்டுப் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. நீலாம்பூரில் அதே அறக்கட்டளை நடத்தும் இன்னொரு கல்லூரிக்கு வேறு எண். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடத்துக்கே உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று என இரண்டு குறியீடு இருக்கும். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போன வருடக் கட்-ஆஃபைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை விடத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். ஒரு வருடம் கணக்குத் தாள் எளிதாக வந்தால் எல்லோர் மதிப்பெண்ணும் ஏறிவிடும், ஆனால் தரவரிசை எண் அந்த அளவுக்கு ஆடாது.

கணக்கு டீச்சர் எழுதியது:

குரோம்பேட்டைப் பெண் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். இதைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

கரூர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பெண் பிள்ளை என்பதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் என்று மூடிவிடாதீர்கள். என் மாணவி ஒருத்தி சிவில் படித்துவிட்டுப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். எலக்ட்ரிக்கல் படித்தவள் ஒருத்தி மின்வாரியத்தில். பெயர் இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிக்கலா என்று வந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவம்தோறும் வெளியிடுகிறது. ஒரு கல்லூரியைப் பட்டியலில் எழுதுவதற்கு முன் அதை ஒரு முறை பாருங்கள். நூறு பேர் எழுதி முப்பது பேர் தேறும் கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்தால் என்ன?

வேலூர் தங்கை எழுதியது:

நீட் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவி, ரிப்பீட்டராக, அதாவது மறுமுறையும், நீட் எழுதி இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறேன். மாணவிக்கு நிஜமாகவே டாக்டராக வேண்டும் என்று இருந்தால் எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம், அரசுப் பள்ளிகளில் இலவசப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர் சொன்னார் என்பதற்காகக் கடன் வாங்கிக் கோச்சிங்கில் கொட்டாதீர்கள். நான் போன இடத்தில் பாதியில் நின்றால் பணம் திரும்பத் தர மாட்டோம் என்று சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். பிளஸ் டூவோடு சேர்த்துப் படித்து ஒரு முறை எழுதட்டும். வராவிட்டால் மனதை ஆற்றிக்கொண்டு அடுத்த கதவைப் பார்க்கட்டும். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் ஒரு வருடம் எவ்வளவு கனம் என்று அதைக் கடந்தவர்களுக்குத்தான் தெரியும். துணைக்கு ஆள் இல்லாத பெண்ணுக்கு அது இன்னும் அதிகம்.

மணப்பாறைப் பொண்ணு எழுதியது:

வணக்கம். இந்தப் பதிவு என்னைப் பற்றித்தான். மாமா லிங்க் அனுப்பினார். எல்லோரும் எனக்காக இவ்வளவு எழுதியதற்கு நன்றி.

எனக்கு மனுஷ டாக்டர் ஆசை இல்லை. போன கார்த்திகையில் எங்கள் மாடு கன்று போட முடியாமல் ராத்திரி முழுக்கக் கத்தியது. கன்றுக்கு ஒரு கால் மடங்கிப் பின்னால் போயிருந்தது. டாக்டர் அம்மா வந்து தோள் வரைக்கும் கையுறை போட்டு, கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடங்கிய காலை நேராக்கி இழுத்தார். நான்தான் டார்ச் பிடித்தேன். மாடும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அதிலிருந்து அந்த வேலைதான் மனதில் இருக்கிறது. ஆனால் அதற்கும் நீட் வேண்டும் என்று பள்ளியில் ஒருவர் சொன்னார், அதனால்தான் இன்ஜினியரிங் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், அம்மா என்னை விடுதியில் விட ரொம்பப் பயப்படுகிறார்.

கால்நடை டாக்டர் எழுதியது:

மகளே, நீ பார்த்தது எங்கள் தொழிலில் கஷ்டமான வேலைகளில் ஒன்று. அதைப் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்கிறாயே, சந்தோஷம்.

உனக்குச் சொன்ன தகவல் சரியில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறது. உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண். நீட் தேவைப்படுவது அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு. உயிரியலில் 90 வாங்கும் பல பிள்ளைகள் நீட் எழுதவில்லை என்பதாலேயே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு.

படிப்பு ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் களப்பயிற்சி. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தேனி, உடுமலைப்பேட்டை, சேலம் தலைவாசல் என்று அரசுக் கல்லூரிகள் உண்டு. உங்கள் ஊருக்கு நாமக்கல்லும் ஒரத்தநாடும் பக்கம். போட்டி கடுமை. 90 போதாது, மூன்று பாடத்திலும் தொண்ணூற்றைந்துக்கு மேல் என்று குறி வை. 7.5 சதவீதம் இங்கேயும் உண்டு. விண்ணப்பம் பொறியியலோடு சேர்ந்தது இல்லை, பல்கலைக்கழக இணையதளத்தில் தனியாகப் போட வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் தனி விண்ணப்பம்தான். இரண்டையும் போடு, பொறியியலையும் போடு. இயற்பியலும் வேதியியலும் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் உன் உழைப்பு எதுவும் வீணாகாது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அந்த டாக்டர் அம்மாவிடம் கேட்டுவிட்டு ஓரமாக நின்று பார். ராத்திரி பிரசவம் மட்டும் இல்லை, தடுப்பூசி முகாம், சினை ஊசி, செத்த ஆட்டை அறுத்துக் காரணம் கண்டுபிடிப்பது, எழுத்து வேலை, எல்லாம் பார். பார்த்த பிறகும் பிடித்திருந்தால் யார் சொன்னாலும் மாற்றாதே.

குரோம்பேட்டை மாணவி எழுதியது:

தங்கச்சி, விடுதி பற்றி நான் சொல்கிறேன். என் அம்மாவும் அழுதார்கள். முதல் மாதம் நானும் அழுதேன். வார்டன் யார், கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள், வெளியே போனால் வீட்டுக்கு எப்படித் தகவல் போகும் என்று தெரிந்த பிறகு அம்மாவுக்குப் பயம் பாதி போய்விட்டது. அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். உன் பள்ளியில் கூட்டிப்போனால் விடுதியையும் பார்க்கக் கேள். முடிந்தால் மாமாவோடு அம்மாவை ஒரு நாள் நாமக்கல் கூட்டிப்போ. அம்மா அங்கே படிக்கும் இரண்டு பெண்களிடம் பேசட்டும், நீ பேச வைப்பதை விட அது பலன் தரும்.

ஆங்கிலத்துக்கும் பயப்படாதே. எனக்கு முதல் செமஸ்டரில் பாதி வகுப்பு புரியவில்லை. பிளஸ் டூ இயற்பியல், உயிரியல் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பைப் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். ஒரு பாடத்தைத் தமிழில் படித்து முடித்ததும் அதே பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசி. தெரிந்த விஷயத்தை வாசிப்பதால் வார்த்தை தானாக ஒட்டிக்கொள்ளும்.

கரூர் அப்பா எழுதியது:

பட்டியல் பற்றிக் குரோம்பேட்டைப் பெண் விளக்கியது இப்போது தெளிவாகப் புரிகிறது. அவன் முப்பதோடு நிறுத்தியது உண்மைதான். என் சின்ன மகனும் அடுத்த வருடம் எழுதுகிறான், இந்த இழையை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வழியையும் விட்டுவிடாதீர்கள். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், கட்டணம் ஐம்பது ரூபாய்தான். திருச்சியிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. விலங்கியலோ வேதியியலோ கிடைத்தால் அதையும் கையில் வைத்திருக்கலாம்.

திருப்பூர் மாமா எழுதியது:

இந்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன். ஆதார் திருத்தம் முதலில். அது சரியாகி வந்ததும் கேன் நம்பர், சாதி, வருமானம், முதல் பட்டதாரி. பாப்பா பெயரில் பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கிறதாம், அதில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்கிறேன். அக்காவை நாமக்கல் கூட்டிப்போவதாகவும் சொல்லிவிட்டேன். கோச்சிங்குக்கு வைத்திருந்த பணத்தில் அவளுக்குப் பழைய வினாத்தாள் புத்தகமும் ஒரு நல்ல மேசையும் வாங்கப்போகிறேன். இதுவரை தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறாள்.

மணப்பாறைப் பொண்ணு எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி முதல் இடைப்பருவத் தேர்வுத் தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். அணிகளில் விட்டது எல்லாம் கூட்டல் கழித்தல் தவறு. கலப்பு எண்களில் பாதியில் நின்றது இரண்டு. நேர்மாறு முக்கோணவியல் மட்டும் தெரியவே தெரியவில்லை. சைன் 150 டிகிரி அரை. அப்படியானால் அரைக்கு நேர்மாறு சைன் 150 தானே வர வேண்டும்? ஏன் 30 என்று போடுகிறார்கள்?

கணக்கு டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி கண்ணு. இதைக் கேட்காமலேயே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

சைன் அரை வரும் கோணம் 30-ம் உண்டு, 150-ம் உண்டு, 390-ம் உண்டு, முடிவே இல்லை. நேர்மாறு ஒரு சார்பாக இருக்க வேண்டுமென்றால் ஒரு எண்ணுக்கு ஒரே விடைதான் வர வேண்டும். அதனால் −90 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை உள்ள கோணத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் சைன் மதிப்பு ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வரும். அதுதான் முதன்மை மதிப்பு. 150 அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, 30 உள்ளே இருக்கிறது. கொசைனுக்கு எல்லை வேறு, 0 முதல் 180 வரை. அதனால் கொசைன் 150-ஐ எடுத்து நேர்மாறு போட்டால் 150-ஏ திரும்ப வரும்.

சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றுக்கும் வரைபடத்தை உன் கையால் வரைந்து, எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் சிவப்புப் பேனாவால் தடிமனாக்கு. அதைச் செய்த பிறகு பயிற்சி 4.1-ஐ ஆரம்பி. சிக்கினால் படம் எடுத்து இங்கேயே போடு. அணிகளுக்கு, ஒவ்வொரு நிரை மாற்றத்தையும் தனி வரியில் எழுது, இடம் மிச்சம் பிடிக்காதே. கலப்பு எண்ணில் எந்த இரண்டு கணக்கில் நின்றாய் என்று எண்ணைச் சொல், அதை நாளை பார்ப்போம்.